புகைக்குப் போக வழி, காற்றுக்கு வர வழி



நோன்பு நெருங்கும் காலத்தில் இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி குசினியைப் பற்றியதாகவே இருக்கும். கஞ்சிக்கு எந்த அரிசி நல்லது, ரோல்ஸ் மாவு ஏன் வெடிக்கிறது, கட்லட்டை முதல் நாளே செய்து வைக்கலாமா என்று கேட்பீர்கள். இம்முறை வந்த ஒரு கடிதம் வேறு விதமானது. அதைப் படித்துவிட்டு அப்படியே வைத்துவிட மனம் வரவில்லை.

எழுதியவர் கிழக்கு மாகாணச் சகோதரி. கணவர் கட்டாரில் தொழில் செய்கிறார். சென்ற விடுமுறையில் வந்தவர், மனைவி பொரியல் புகையில் நின்று இருமுவதைப் பார்த்துவிட்டுக் குக்கர் ஹூட் ஒன்றை வாங்கி வந்தார். பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த மேசன் பாஸைக் கூப்பிட்டு, ஒரே நாளில் பூட்டியும் கொடுத்துவிட்டுப் பயணம் போய்விட்டார். குசினியின் பின்பக்கத்தில் மாமியின் விறகடுப்பு இருக்கிறது. 2022 இல் கேஸ் கிடைக்காமல் நாடே வரிசையில் நின்றபோது மீண்டும் மூட்டிய அடுப்பு அது. இன்றும் சோறும் கஞ்சியும் அதில்தான்.

ஹூட் வந்து மூன்று மாதத்தில் மூன்று விஷயங்கள் நடந்திருக்கின்றன. சீலிங்கில் மஞ்சள் கறை படர்ந்தது. வீடு முழுக்கப் பழைய எண்ணெய் வாடை அடிக்கத் தொடங்கியது. மாலையில் சகோதரி பொரிக்க, மாமி பின்னால் அடுப்பு மூட்டும் நாட்களில் மாமிக்குத் தலையிடியும் மயக்கமும் வருகின்றன. "இந்த முஸீபத்தைக் கழற்றிப் போடு" என்கிறார் மாமி. "இவ்வளவு காசு கொடுத்து அவர் ஆசையாக வாங்கியதைக் கழற்றவா? ஹூட் போட்டும் புகை கூடுவது எப்படி?" என்று கேட்கிறார் மருமகள்.

சகோதரியே, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மாமி சொல்வது சாட்டு அல்ல. அந்தத் தலையிடியை எல்லோரும் கவனத்தில் எடுக்க வேண்டும். ஆனால் குற்றம் ஹூட்டில் இல்லை, அதைப் பூட்டிய விதத்தில் இருக்கிறது. ஏன் என்று பார்ப்போம்.

ஹூட் என்ன செய்கிறது?

ஹூட்டுக்குள் புகை மறைவதைப் பார்த்து, அது புகையைத் தின்றுவிடுகிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஹூட் புகையைத் தின்பதில்லை. ஓரிடத்தில் இருந்து எடுத்து இன்னோரிடத்தில் விடுகிறது, அவ்வளவுதான். ஆகவே ஹூட் வாங்குபவர் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். எடுத்த புகை எங்கே போகிறது? போன காற்றுக்குப் பதிலாக வேறு காற்று எந்த வழியால் வருகிறது? இந்த இரண்டுக்கும் சரியான பதில் இருந்தால் ஹூட் ரஹ்மத்து. இல்லாவிட்டால் அது மாமி சொன்னதுதான்.

கடைகளில் இரண்டு வகை ஹூட்கள் உண்டு. ஒன்று, குழாய் மூலம் புகையை வீட்டுக்கு வெளியே அனுப்பும் வகை. மற்றது சுழற்சி வகை. இது காற்றை இழுத்து, கரி வடிகட்டி ஒன்றினூடாக விட்டு, மீண்டும் குசினிக்குள்ளேயே தள்ளும். சுழற்சி வகை எண்ணெய்ப் பசையைப் பிடிக்கும், வாடையைக் குறைக்கும். சூட்டையோ நீராவியையோ வெளியேற்றாது. நெருப்பிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு வாயுவையும் பிடிக்காது. "குழாய் ஒன்றும் தேவையில்லை, அப்படியே மாட்டலாம்" என்று கடைக்காரர் சொன்னால் அவர் சொல்வது இந்த வகையைத்தான். தொடர்மாடியில் சுவரைத் துளைக்க அனுமதி இல்லாதவர்களுக்கு வேறு வழியில்லை. அவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்தே சமைக்க வேண்டும். மற்றவர்கள் குழாய் வகையையே தேடுங்கள். பல ஹூட்கள் இரண்டு விதமாகவும் பூட்டக்கூடியவை. மேலே குழாய் பூட்டும் வாய் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

"எங்கள் உம்மாமார் ஹூட்டோடா சமைத்தார்கள்?" என்று கேட்பவர்களும் உண்டு. சமைத்தார்கள், அந்தப் புகையில் இருமியும் வாழ்ந்தார்கள். வீட்டுக்குள் விறகும் கரியும் மண்ணெண்ணெயும் எரிப்பதால் அசுத்தமாகும் காற்று, 2020 இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் மரணங்களுக்குக் காரணமானது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பொரிக்கும் புகையும் இலேசானதல்ல. அந்நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், அதிக சூட்டில் பொரிக்கும்போது எழும் புகையை, மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை என்ற வகையில் சேர்த்து 2010 இல் தனது அறிக்கையை வெளியிட்டது. நோன்பு மாதத்தில் அஸர் முதல் மஃரிப் வரை சமோசாவும் பெட்டிஸும் பொரித்துக்கொண்டு சட்டிக்கு மேலே குனிந்து நிற்பவர் யார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

சீலிங்குக்குள் விட்ட குழாய்

கடிதம் எழுதிய சகோதரியின் வீட்டில் பாஸ் செய்த வேலை, நம் ஊர்களில் அடிக்கடி நடப்பது. ஹூட்டின் குழாயை மேலே ஏற்றிச் சீலிங் பலகையில் ஒரு ஓட்டை போட்டு, முனையைச் சீலிங்குக்கு மேலே விட்டுவிட்டார். கீழிருந்து பார்த்தால் வேலை வெகு சுத்தம். ஆனால் அந்தப் புகை வீட்டை விட்டு வெளியேறவே இல்லை. கூரைக்கும் சீலிங்குக்கும் இடையில் அடைபட்டுக் கிடக்கிறது.

அங்கே என்ன நடக்கும்? நீராவி குளிர்ந்து தண்ணீராகி மரத்தில் ஊறும். பூஞ்சணம் பிடிக்கும். மரம் உக்கும். எண்ணெய்ப் பசை சீலிங் பலகையிலும், கைமரங்களிலும், அங்கே ஓடும் மின்சார வயர்களிலும் படியும். பழைய வயர் ஒன்றில் பொறி பறந்தால் அந்த எண்ணெய் விளக்குத் திரி போலப் பற்றிக்கொள்ளும். சீலிங்குக்கு மேலே பிடிக்கும் தீயைக் கீழே இருப்பவர்கள் காண்பது நேரம் கடந்த பிறகுதான். சகோதரியே, உங்கள் மஞ்சள் கறை அந்த எண்ணெய் தந்த முன்னறிவித்தல். அல்ஹம்துலில்லாஹ், அது கறையோடு நின்றது.

குழாய் கட்டாயம் வெளி ஆகாயத்தில் முடிய வேண்டும். சீலிங்குக்குள்ளும் விடக்கூடாது, விறகடுப்பின் புகைபோக்கிக்குள்ளும் சொருகக்கூடாது, குளியலறைக் காற்றுக்குழாயோடும் சேர்க்கக்கூடாது.

குழாயைப் பற்றிச் சில கணக்குகள்

ஹூட்டின் வாய் 6 அங்குலம் என்றால் குழாயும் முடியும் இடம் வரை 6 அங்குலமே இருக்க வேண்டும். ஹார்ட்வெயார் கடையில் இலகுவாகக் கிடைக்கிறது என்பதற்காக 4 அங்குல பிவிசி குழாயைப் பொருத்திவிடுகிறார்கள். இரண்டு அங்குலம்தானே குறைகிறது என்று தோன்றும். வட்டத்தின் பரப்பைக் கணக்கிட்டால், 4 அங்குலக் குழாயின் வழி 6 அங்குலக் குழாயின் பாதியைக்கூட எட்டாது. ஏறத்தாழ நூற்றுக்கு 44 பங்குதான். மோட்டார் இரைச்சல் போடும், புகையோ குசினியிலேயே நிற்கும்.

குழாய் உலோகத்தில், உள்ளே வழுவழுப்பாக இருப்பது நல்லது. பிளாஸ்டிக் சூட்டில் இளகும், தீப்பிடித்தால் தானும் எரியும். அக்கோடியன் போல மடியும் குழாய் இழுத்து வளைக்க வசதி, ஆனால் ஒவ்வொரு மடிப்பிலும் எண்ணெய் தங்கும், காற்றும் தடைப்படும். வேறு வழியின்றி அதைப் பாவித்தால் முழுதாக இழுத்து நேராக்கி, மிகக் குறுகியதாக வையுங்கள். வளைவுகள் குறைந்தால் நல்லது. வெளிச்சுவரில் அடுப்பு இருந்தால் பின்னால் ஒரே துளை போட்டு வெளியேற்றலாம். குசினி இனித்தான் கட்டப்போகிறவர்கள் அடுப்பின் இடத்தை வெளிச்சுவரிலேயே தீர்மானியுங்கள்.

சுவருக்குள் போகும் குழாய் வெளிப்பக்கம் சிறிது சரிவாக இருக்கட்டும். உள்ளே குளிரும் நீர் வெளியே வடியும், திரும்பி வந்து சட்டிக்குள் சொட்டாது. வெளிவாயில் மழை அடிக்காத மூடியும், காற்று உள்ளே திரும்பாமல் தானாக மூடும் தகடும் வேண்டும். இல்லாவிட்டால் பல்லியும் குளவியும் அணிலும் குடியேறிவிடும். நெருக்கமான நுளம்பு வலை அடிக்காதீர்கள். சில வாரங்களில் எண்ணெய் படிந்து அது அடைத்துக்கொள்ளும்.

ஓர் எச்சரிக்கை. குழாயைக் கூரை வழியாக விடுவதற்காக அஸ்பெஸ்டஸ் ஷீட்டைக் கிரைண்டரால் வெட்ட யாரையும் விடாதீர்கள். அதன் நுண்ணிய நார்கள் சுவாசத்தோடு போய் நுரையீரலில் தங்கி, பல வருடங்கள் கழித்துப் புற்றுநோய் உட்படக் கடும் நோய்களைத் தரும். வெட்டுபவருக்கும் ஆபத்து, கீழே விளையாடும் பிள்ளைக்கும் ஆபத்து. அஸ்பெஸ்டஸ் கூரை உள்ள வீட்டில் சுவர் வழியையே பாருங்கள்.

குழாய் எங்கே வாய் திறக்கிறது என்பதிலும் ஒரு கடமை உண்டு. காத்தான்குடி, சாய்ந்தமருது போன்று வீட்டோடு வீடு ஒட்டிய ஊர்களில், நம் குழாய்க்கு நேரே இருப்பது அடுத்த வீட்டுப் படுக்கையறை ஜன்னலாக இருக்கலாம். கறி சமைத்தால் தண்ணீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாருக்கும் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. கறியை நாம் வைத்துக்கொண்டு புகையை மட்டும் அவர்களுக்குக் கொடுப்பது முறையல்ல. துளை போடுமுன் மதிலுக்கு அப்பால் ஒருமுறை எட்டிப் பார்த்து, பக்கத்து வீட்டு ராத்தாவிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மாமியின் தலையிடி

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. ஏனென்றால் இதில் உயிர் இருக்கிறது.

ஹூட் ஒரு மணித்தியாலத்தில் நூற்றுக்கணக்கான கன மீற்றர் காற்றை இழுக்கும். வீடு ஒரு போத்தல் அல்ல. போன காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று வந்தே தீரும். ஜன்னல் திறந்திருந்தால் ஜன்னலால் வரும். மழை நேரம், அல்லது நுளம்புக்குப் பயந்து எல்லாம் மூடியிருந்தால், திறந்திருக்கும் ஒரே வழியால் வரும். அந்த ஒரே வழி, பின் குசினியின் புகைபோக்கி.

மேலே போக வேண்டிய விறகுப் புகை கீழே இறங்குகிறது. அதில் கண்ணுக்குத் தெரியும் புகை கண்ணை எரிக்கும், நாம் விலகுவோம். கண்ணுக்குத் தெரியாமல் காபனோரொட்சைட்டும் சேர்ந்து இறங்குகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. உடம்புக்குப் பிராணவாயுவை எடுத்துச் செல்லும் இரத்தத்தில் ஒட்டிக்கொண்டு, பிராணவாயுவுக்கு இடம் கொடுக்காது. தலையிடி, தலைச்சுற்று, வாந்தி வரும் உணர்வு, காரணமில்லாத களைப்பு, நித்திரை மயக்கம் ஆகியவை அதன் அடையாளங்கள். அளவு கூடினால் மயங்கியவர் எழும்ப மாட்டார்.

மாமியின் தலையிடிக்கு வேறு காரணமும் இருக்கலாம். அதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். ஆனால் இரண்டு அடுப்பும் ஹூட்டும் ஒன்றாக ஓடும் நாட்களில்தான் வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை அலட்சியம் செய்ய முடியாது. வைத்தியரிடம் போகும்போது "விறகுப் புகையில் நின்ற பிறகு வருகிறது" என்ற விபரத்தை மறக்காமல் சொல்லுங்கள். அடுப்படியில் யாராவது தலை சுற்றி விழுந்தால் கதவு ஜன்னலைத் திறந்து, உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டு வாருங்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியுலன்ஸ் இலவசமாக வரும்.

உங்கள் வீட்டில் இந்த ஆபத்து உண்டா என்று அறிய ஒரு சிறு சோதனை செய்யலாம். பகல் நேரத்தில், வீட்டில் இன்னொருவர் கூட இருக்கும்போது, விறகடுப்பில் சிறிய நெருப்பு மூட்டுங்கள். கதவு ஜன்னல்களை வழக்கமாக மூடுவது போல மூடுங்கள், பூட்ட வேண்டாம். ஹூட்டை முழு வேகத்தில் போட்டு, புகையும் சாம்பிராணிக் குச்சி ஒன்றை அடுப்பு வாயருகே பிடியுங்கள். புகை புகைபோக்கிக்குள் ஏறினால் நல்லது. அறைப் பக்கம் திரும்பினால் உடனே ஹூட்டை நிறுத்தி ஜன்னலைத் திறந்துவிடுங்கள். பிறகு, ஜன்னல் திறந்தபடியே இருக்க மீண்டும் ஹூட்டைப் போட்டுப் பாருங்கள். புகை மேலே ஏறத் தொடங்கினால், அந்த ஜன்னல்தான் உங்களுக்கு மருந்து. அப்போதும் திரும்பினால் இரண்டையும் ஒருபோதும் ஒன்றாகப் பாவிக்காதீர்கள். ஒருமுறை நன்றாக வந்தாலும் ஜன்னல் திறக்கும் பழக்கத்தை விட வேண்டாம், காற்று நாளுக்கு நாள் மாறும். குளியலறையில் கேஸில் தண்ணீர் சுட வைக்கும் இயந்திரம் உள்ள வீடுகளுக்கும் இந்த ஆபத்து உண்டு. அதையும் வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

ஹூட் ஓடும்போதெல்லாம் ஒரு ஜன்னலோ வெளிக்கதவோ திறந்திருக்க வேண்டும். இரவில் ஜன்னல் திறக்கப் பயம் என்றால் கம்பி போட்ட நிரந்தரக் காற்றுவழி ஒன்றைச் சுவரில் வையுங்கள். முன்னைய வீடுகளில் ஜன்னலுக்கு மேலே துவாரமுள்ள சீமெந்துக் கற்களை வைத்தது அழகுக்காக மட்டுமல்ல. டைல்ஸ் ஒட்டும்போது நாம்தான் அவற்றை அடைத்துவிட்டோம்.

கேஸ் கசிவுக்கு ஹூட் மருந்தல்ல

2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நம் நாட்டில் வீடு வீடாகக் கேஸ் வெடிப்புச் செய்திகள் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதன் பின் பலர், "கேஸ் மணத்தால் ஹூட்டைப் போட்டுவிடுவேன், இழுத்துக்கொள்ளும்" என்று சொல்லக் கேட்டேன். இது மிகப் பிழையான எண்ணம்.

நம் சிலிண்டரில் இருக்கும் புரொப்பேன் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பாரம். பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்த கேஸ் மேலே ஏறாமல் தரையில் தண்ணீரைப் போலப் பரவும், பென்ட்ரி அலுமாரியின் அடியில் தேங்கும். மேலே இருக்கும் ஹூட் அதை எடுக்காது. மாறாக, சுவிட்சைத் தட்டும்போது பறக்கும் சின்னப் பொறியே வெடிப்புக்குப் போதும். கேஸ் மணத்தால் ஹூட், லைட், பேன் எதையும் போடவும் வேண்டாம், போட்டிருப்பதை நிறுத்தவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, பிள்ளைகளோடு வெளியே வாருங்கள். டெலிபோனையும் வெளியே வந்தே எடுங்கள்.

உயரம், பலம், மின்சாரம்

கேஸ் அடுப்புக்கு மேலே ஹூட்டின் அடி பொதுவாக 65 முதல் 75 சென்றிமீற்றர் உயரத்தில், அதாவது ஏறக்குறைய 26 முதல் 30 அங்குலத்தில் இருக்கும். சரியான அளவு ஹூட்டோடும் அடுப்போடும் வரும் கையேடுகளில் இருக்கும். இரண்டும் வேறுபட்டால் கூடிய உயரத்தையே எடுங்கள். தாழ்ந்தால் நெருப்புச் சூடு வடிகட்டியில் உள்ள எண்ணெயைப் பற்றவைக்கலாம். மிக உயர்ந்தால் புகை பக்கவாட்டில் தப்பிவிடும். ஹூட்டின் அகலம் அடுப்பின் அகலத்துக்குக் குறையக்கூடாது.

இழுக்கும் பலத்துக்கு ஓர் இலகுவான கணக்கு உண்டு. குசினியின் காற்று மணித்தியாலத்துக்கு 10 தடவை மாறினால் போதும் என்று பொதுவாக எடுப்பார்கள். 12 அடி நீளம், 10 அடி அகலம், 9 அடி உயரம் என்றால் 1080 கன அடி, அதாவது ஏறத்தாழ 31 கன மீற்றர். பத்தால் பெருக்கினால் மணித்தியாலத்துக்கு 310 கன மீற்றர். பெட்டியில் எழுதியிருக்கும் எண் இதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். குழாயின் நீளமும் வளைவும் கொஞ்சம் குறைத்துவிடும். ஆயிரத்துக்கு மேல் இழுக்கும் பெரிய ஹூட்டைச் சின்னக் குசினியில் பெருமைக்காகப் பூட்டினால், மேலே சொன்ன புகைபோக்கி ஆபத்துத்தான் கூடும்.

சுவரின் பலத்தையும் பாருங்கள். உள்ளே பொள்ளலான சீமெந்துக் கல் சுவரில் சாதாரண ஆணிப் பிடி நிற்காது. அதற்கேற்ற போல்ட் வேண்டும். துளைக்குமுன் மெயின் சுவிட்சை நிறுத்தி, சுவருக்குள் வயர் எங்கே ஓடுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். மின் இணைப்பை மேசன் பாஸிடம் விடாமல் தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். எர்த் வயர் கட்டாயம். பிளக் அடுப்புக்கு நேர் மேலே சூடு படும் இடத்தில் இருக்கக்கூடாது. வீட்டு ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அது உங்களைக் காக்காது.

மின்கட்டணத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு: 200 வோட் மோட்டார் நாளொன்றுக்கு 2 மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்கு 12 யூனிட்தான்.

பாவிக்கும் முறை

1. அடுப்பை மூட்டுமுன் ஹூட்டைப் போடுங்கள். சமைத்து முடிந்த பின் பத்து நிமிடம் ஓட விடுங்கள்.

2. பொரியலைப் பின் அடுப்பில் வையுங்கள். முன் அடுப்பின் புகை வெளியே தப்புவது அதிகம். பிள்ளைகளின் கைக்கும் அது எட்டாது.

3. சட்டி இல்லாமல் வெறும் நெருப்பை ஹூட்டுக்குக் கீழே எரிய விடாதீர்கள்.

4. உலோக வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சுடுதண்ணீரிலும் சவர்க்காரத்திலும் ஊறவைத்துக் கழுவி, நன்றாகக் காய்ந்த பின் பூட்டுங்கள். நோன்பு மாதத்தில் வாரம் ஒருமுறை கழுவுங்கள். சுழற்சி வகையின் கரி வடிகட்டி பொதுவாகக் கழுவக் கூடியதல்ல. மூன்று முதல் ஆறு மாதத்தில் மாற்ற வேண்டும்.

5. மெல்லிய டிஷ்யூ கடதாசி ஒன்றை ஓடும் ஹூட்டின் வடிகட்டியில் வையுங்கள். ஒட்டி நின்றால் இழுக்கிறது. விழுந்தால் வடிகட்டியோ குழாயோ அடைத்திருக்கிறது.

6. எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் கை எட்டுமானால் கேஸை மூடுங்கள், ஹூட்டை நிறுத்துங்கள், மூடியால் சட்டியை மூடிவிட்டு ஆறும்வரை திறக்காதீர்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது. ஹூட் ஓடினால் நெருப்பைக் குழாய்க்குள் இழுத்துக்கொள்ளும். தீ பெருத்துவிட்டால் போராடாமல் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள்.

உறங்கப் போகுமுன் வீட்டில் நெருப்பை விட்டு வைக்க வேண்டாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு அறிவுறுத்தியிருக்கிறார்கள். ஸஹருக்கு எழும்பும் நாட்களில் கண் செருகச் செருகச் சமைப்போம். ரெகுலேட்டரை மூடி, விறகுத் தணலை அணைத்த பிறகே படுக்கைக்குப் போவதை ஒரு அமலாகவே வைத்துக்கொள்வோம்.

ஹூட் வாங்க வசதி இல்லாத சகோதரிகள் மனம் தளர வேண்டாம். சுவரின் மேல்பகுதியில் பூட்டும் ஒரு எக்ஸோஸ்ட் பேன், எதிர்ப்பக்கம் திறந்த ஜன்னல் இரண்டும் இருந்தால் பெரும் பகுதி புகை போய்விடும். இங்கிலாந்தின் கட்டட விதிகள் அடுப்புக்கு நேர் மேலே உள்ள ஹூட்டுக்கு விநாடிக்கு 30 லீற்றரும், வேறிடத்தில் உள்ள பேனுக்கு 60 லீற்றரும் கேட்கின்றன. பேன் தூரத்தில் இருந்தால் இரு மடங்கு இழுக்க வேண்டும் என்பது இதன் பொருள். ஆகவே அடுப்புக்கு எவ்வளவு கிட்ட வைக்க முடியுமோ அவ்வளவு கிட்ட வையுங்கள். விறகடுப்புள்ள வீட்டில் பேனுக்கும் அதே ஜன்னல் விதிதான்.

கடைசியாகக் கடிதம் எழுதிய சகோதரிக்கு.

ஹூட்டைக் கழற்ற வேண்டாம். ஆனால் இன்றிலிருந்து அதைப் போட வேண்டாம். முதலில் குழாயைச் சீலிங்கிலிருந்து எடுத்துச் சுவர் வழியாக வெளியே விடச் சொல்லுங்கள். சீலிங்குக்கு மேலே படிந்த எண்ணெயைத் துடைத்து, வயர்களை எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். இரண்டு குசினிக்கும் இடையில் கதவு இருந்தால் சமைக்கும்போது மூடியிருக்கட்டும், பக்கத்துக்கொரு ஜன்னல் திறந்திருக்கட்டும். மாமியின் புகைபோக்கியைக் கரி போகத் துப்புரவாக்குங்கள். பிறகு சாம்பிராணிச் சோதனையைச் செய்யுங்கள். அதில் தேறிய பிறகுதான் இரண்டும் ஒன்றாக ஓடலாம். அதுவரை மாமியின் அடுப்புக்கு ஒரு நேரம், உங்கள் பொரியலுக்கு ஒரு நேரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஹூட் இல்லாமல் பொரிக்கும்போதும் ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.

இந்தப் பக்கத்தை உங்கள் கணவருக்கும் அனுப்பி வையுங்கள். அவர் வாங்கியதில் பிழையில்லை, வேலையைத் தெரியாதவரிடம் கொடுத்ததில்தான் பிழை என்று அறிந்துகொள்ளட்டும். அவர் அங்கிருந்தபடியே நல்ல பாஸ் ஒருவரை ஏற்பாடு செய்து தரலாம்.

இன்னொன்றும் செய்யுங்கள். இன்று மாலை மாமிக்கு ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து, "மாமி, நீங்கள் சொன்னது சரிதான், புகை உங்கள் பக்கம்தான் வந்திருக்கிறது" என்று சொல்லுங்கள். மூன்று மாதமாகத் தன் தலையிடியை யாரும் நம்பவில்லை என்ற கவலையும் அவருக்கு இருந்திருக்கும்.

அல்லாஹ் உங்கள் இல்லங்களைப் பாதுகாப்பானாக. இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.

வஸ்ஸலாம்.